தம்பிக்கு, அந்தக் கண்ணாடி விஷயமாக

தம்பி,

அப்பாவுக்கு முதல் வருஷத் திதி முடிந்தது. நீ அனுப்பிய பணத்தில் மீதி அத்தையிடம் இருக்கிறது. இதை வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஆட்களும் படிப்பார்கள் என்று தெரியும். போன ஆடியில் நீ ஏன் வர முடியவில்லை என்ற பேச்சுக்குள் நான் போகப்போவதில்லை. சித்தி, நீங்களும் கேட்காதீர்கள்.

நீ வாங்கிவந்த வி.ஆர். பெட்டியை, கண்ணில் மாட்டினால் வேறொரு இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் சுற்றிலும் காட்டுமே அதை, அப்பா கடைசிவரை கண்ணாடி என்றுதான் சொன்னார். அதை, அப்பாவின் வலியையும் அவஸ்தையையும் குறைக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பாலியேட்டிவ் குழுவுக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

நீ அனுப்பிய ஜப்பான் ஒசாகா ஆய்வைப் படித்தேன், நம்பு. 2019-ல் வந்தது. முற்றிய புற்றுநோய்க்காரர்கள் 20 பேரை, இந்த மாதிரிக் கண்ணாடியை மாட்டி, கூகுள் எர்த் வழியாக அவர்கள் மனதில் இருந்த இடத்துக்கோ, போக ஆசைப்பட்ட இடத்துக்கோ கூட்டிப்போயிருக்கிறார்கள். கவலை, மனச்சோர்வு, களைப்பு எல்லாம் குறைந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைக்கவில்லை என்பதை நீ சொல்லாமல் விட்டாய். சரி, இருக்கட்டும். அரைக் கிலோ எடையை, எலும்பும் தோலுமாக இருக்கிற முகத்தில் எப்படி மாட்டுவது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வேறு. பட்டையை இறுக்கினால் கன்னத்தில் தடம் விழும், தளர்த்தினால் எல்லாம் மங்கலாகத் தெரியும். மல்லாக்கப் படுத்தால் காட்சி விட்டத்துக்குப் போய்விடும். கட்டிலை முதுகுப் பக்கம் உயர்த்தி, கண்ணாடியை அடியிலிருந்து கையால் தாங்கிக்கொண்டே நிற்பேன். நீ ராத்திரி போனில் கேட்பாயே, "இன்னிக்கு எத்தனை நிமிஷம் போட்டீங்க?" என்று. என் கை வலிக்கிற வரைக்கும்.

முதலில் போட்ட படகு வீடியோவில் வாந்தி எடுத்தார், அது உனக்குத் தெரியும். மார்ஃபின் சாப்பிடுகிறவருக்கு ஏற்கெனவே குமட்டல் இருக்கும், கேமரா நகரவே கூடாது என்று சிஸ்டர் சொன்னார். அப்புறம்தான் நீ தாமிரபரணிக் கரையில், திருப்புடைமருதூரில் எடுத்த வீடியோவைப் போட்டேன். படித்துறையில் ஸ்டாண்டை நட்டுவைத்து, சுற்றிலும் எல்லாப் பக்கமும் விழுகிற மாதிரி எடுத்தது. எடுத்த கையோடு நீ ஃபிளைட் ஏறிவிட்டாய்.

அப்பா பார்ப்பது என் போனிலும் தெரிந்தது. முதலில் ஆற்றைப் பார்த்தார். கடனாநதி வந்து சேருகிற பக்கம் கழுத்தைத் திருப்பினார், மருத மரத்துப் பறவைச் சத்தத்துக்கு அண்ணாந்தார். பிறகு மெதுவாகப் பின்பக்கம் திரும்பினார். அங்கே நீ நின்றுகொண்டிருந்தாய். ஒரு கையில் செருப்பு, மறுகையில் போன். ஃபிரேமில் விழுவோம் என்று உனக்குத் தோன்றவில்லையோ என்னவோ.

"ஏலே, படி வழுக்கும்லே. மேல ஏறி நில்லு."

நீ போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. அப்பா இன்னொரு தடவை சொன்னார், சத்தமாக. கையை நீட்டினார், அது ஆக்சிஜன் குழாயில் பட்டது. அப்புறம் என்னிடம், "எப்ப வந்தான்?" என்றார்.

"இப்பதான்ப்பா" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சிஸ்டர் வந்து, நோயாளியின் அவஸ்தைகளுக்கு மார்க் போடச் சொல்கிற எட்மன்டன் அளவுகோல்படி வழக்கமாகக் கேட்பதுபோல, மனத் தவிப்பு 0-லிருந்து 10-க்குள் எவ்வளவு என்று கேட்டார். எப்போதும் 7, 8 என்று சொல்கிறவர் 3 என்றார். பையன் வந்திருக்கான் என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் ஆற்றைக் கேட்கவில்லை. "கண்ணாடியைப் போடும்மா, அவன் நிக்கானா பாப்போம்" என்பார். தெரிந்து சொன்னாரா, மருந்து மயக்கத்தில் சொன்னாரா, எனக்கு இன்னும் புரியவில்லை. சில நாள் லேசாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரு நாள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று இங்கே எழுத மாட்டேன். அது அந்தப் பழைய விஷயம்தான்.

உடம்பு, மனசு, குடும்பம், கடவுள் எல்லாம் ஒரே வலிக்குள் கிடக்கும் என்று லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் சொன்னதை அந்த சிஸ்டர்தான் எனக்கு விளக்கினார். எலும்பு வலிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்ஃபின் இருந்தது. உன்னைப் பற்றிய வலிக்கு அந்த வீடியோ இருந்தது. போனையே பார்த்துக்கொண்டு நின்ற நீ, அவருக்கு அவ்வளவு உதவினாய். குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளி, பக்கத்திலேயே கிடந்த என்னை அவர் ஒரு நாளும் "எப்ப வந்த?" என்று கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, நான்தான் போகவே இல்லையே.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால், அது போதும் என்று டிக்கெட்டைத் தள்ளிப்போடுவாய் என்று பயந்தேன். சொல்லாமலும் அதுதான் நடந்தது. ஒருவேளை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாயோ என்றும் ராத்திரியில் தோன்றுகிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேனா என்றால், பாதி. மீதிப் பாதியை நீ கேள்.

அப்புறம் முக்கியமானது. சிஸ்டர் அந்த ஆற்று வீடியோவை அழிக்காமல் கொடுங்கள் என்கிறார். நகராத கேமரா, தண்ணீர்ச் சத்தம், நம் பக்கத்து ஆறு, அவர்கள் போகிற வீடுகளுக்குத் தோதாக இருக்குமாம். நான் சரி சொல்லிவிட்டேன். யார் வீட்டு அப்பாவோ திரும்பிப் பார்த்தால் நீ நிற்பாய். வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல், அன்றைக்குத்தான் வாங்க வருகிறார்கள். மெசேஜ் போடாதே, போன் பண்ணு. எனக்குக் காலையாக இருக்கும்போது பண்ணு.

அக்கா