வாளை உருவிய பிறகும் பாத்திரம் பாத்திரமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடையும் தாளும் பென்சிலுமாக ஆடப்படும் கற்பனைக் கதை விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆட்டக்காரர்களைச் சண்டைப் பிரியர்கள், நடிப்புப் பிரியர்கள் என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வோர் அமர்வின் நேரத்தையும் இரு தரப்புக்கும் சரிபாதியாகப் பங்கிட்டுத் தருவதே, கதையை நடத்தும் நடுவரான டன்ஜன் மாஸ்டரின் கடமை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஒரு குழுவுக்கு டன்ஜன் மாஸ்டராக இருந்துவரும் என்னால் இந்தப் பங்கீட்டை ஏற்க முடியவில்லை. சண்டையும், கதைமாந்தராகவே நடந்துகொள்ளும் பாத்திரமேற்றலும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் அல்ல. பாத்திரமாக நின்று முடிவெடுக்க இடமில்லாத சண்டையும் உண்டு. அப்படி இடமில்லாத உரையாடலும் உண்டு. குறை இருப்பது அங்கேதான்.

இந்த விளையாட்டு போர் விளையாட்டின் வழிவந்தது என்பது உண்மையே. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட, இவ்வகையில் முதலாவதான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு, பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் 'செயின்மெயில்' என்ற 1971ஆம் ஆண்டு விதிநூல் முன்னோடியாக இருந்தது. ஆனால் அதற்கு இன்னொரு வேரும் உண்டு. 1969இல் டேவிட் வெஸ்லி நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தில், படைப்பிரிவுகளை நகர்த்தலாம் என்று வந்தவர்களுக்கு நகரத்து மேயர் போன்ற தனி மனிதர்களின் பொறுப்பும், ஆளுக்கொரு தனி நோக்கமும் தரப்பட்டன. அந்த அனுபவத்திலிருந்துதான் ஆர்னசனின் 'பிளாக்மூர்' என்ற கற்பனை உலக ஆட்டம் வளர்ந்தது. பிறக்கும்போதே ஒன்றாகப் பிறந்த இரண்டைப் பின்னாளில் நாம்தான் எதிரெதிர் அணிகளாக்கிவிட்டோம்.

அப்படி ஆக்கியதில் விதிகளுக்கும் பங்கு உண்டு. தொடக்க காலத்தில் கொண்டுவந்து சேர்த்த ஒரு பொற்காசுக்கு, பாத்திரம் வலிமையில் உயர உதவும் ஓர் அனுபவப் புள்ளி என்பது கணக்கு. 1981இல் வந்த அடிப்படை விதிநூலின்படி ஆர்க் என்ற அரக்க வீரன் ஒருவனைக் கொன்றால் குழு முழுவதற்கும் சேர்த்துக் கிடைப்பது 10 புள்ளிகள்; ஆயிரம் காசுள்ள பெட்டி ஒன்றை எடுத்துவந்தாலோ 1,000 புள்ளிகள். எனவே விவரமறிந்த குழுவினர், வாளை உருவாமலே அந்தப் பெட்டியை அடைய வழி தேடினார்கள்: பேரம் பேசினார்கள், ஒளிந்து சென்றார்கள், காவலிருந்த அரக்கனுக்கும் அவன் தலைவனுக்கும் இடையே மூட்டிவிட்டார்கள். அதே நூலில், எதிர்ப்பட்ட உயிரினம் பகையாக நிற்கிறதா நட்பாக நிற்கிறதா என்பதை இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டித் தீர்மானிக்கும் விதி இருந்தது. எதிரியின் மன உறுதியைச் சோதிக்கும் விதியும் இருந்ததால், தோழர்கள் வீழ்வதைக் கண்ட கோப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் ஓடிப்போகவோ சரணடையவோ முடிந்தது. பொற்காசுக் கணக்கு 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் விருப்ப விதியாகச் சுருங்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிர்கொண்ட ஆபத்தின் தரத்தை வைத்துப் புள்ளிகள் கணக்கிடப்பட்டன. நடைமுறையில் அது பெரும்பாலான மேசைகளில் கொன்ற அரக்கர்களின் கணக்காகவே முடிந்தது. எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதையே ஆட்டக்காரர்கள் நாடுவார்கள். அவர்களைச் சண்டைப் பிரியர்கள் என்று பெயரிட்டு ஒதுக்குவதற்கு முன், தாம் எதற்குப் புள்ளி கொடுக்கிறோம் என்பதை டன்ஜன் மாஸ்டர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரத்தைப் பாதியாக வெட்டும் யோசனைக்கு வருகிறேன். இன்றைய விதிகளின்படி எல்லாருக்கும் செயல்பட ஒரு முறை வாய்க்கும் சண்டையின் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஏறக்குறைய 6 விநாடி. ஐந்து சுற்றுகளில் முடியும் சண்டை கதைக்குள் அரை நிமிடம்தான்; மேசையிலோ ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு அது எளிதாக ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சமநிலை தேடுவது வீண். அந்த ஒரு மணி நேரத்தில் பாத்திரங்களுக்கு எத்தனை முறை உண்மையான தேர்வு வாய்த்தது என்பதையே கேட்க வேண்டும். எங்கள் மேசையில் ஒரு பாலத்தின்மேல் கொள்ளையரோடு நடந்த சண்டையை இங்கே சொல்ல விரும்புகிறேன். இரக்கம் கேட்டவரைக் கொல்வதில்லை, கொல்லவிடுவதுமில்லை என்று உறுதிபூண்ட பூசாரி ஒருவர் குழுவில் இருந்தார். மூன்றாம் சுற்றில் கொள்ளையன் ஒருவன் வாளைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டான். அவனுக்குப் பின்னால் குழுவின் போர்வீரன் ஓங்கிய கோடரியோடு நின்றான். பாலத்தின் மறுகோடியில் குழுவைச் சேர்ந்த இன்னொருத்தி ஹிட் பாயிண்ட் என்ற உயிர்ப் புள்ளிகள் முழுவதும் இழந்து விழுந்து கிடந்தாள். பூசாரிக்கு இருந்ததோ ஒரே முறை: தோழியை நோக்கி ஓடுவதா, சரணடைந்தவனுக்கும் கோடரிக்கும் நடுவே நிற்பதா? பூசாரியை ஆடியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். மேசையில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அது சண்டை நேரமா, நடிப்பு நேரமா? கட்டுரையாளரின் பங்கீட்டில் அந்த நிமிடத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில், கைகலப்பில் எதிராளியை வீழ்த்துபவர் அவரைக் கொல்லாமல் மயக்கமுறச் செய்யலாம் என்ற விதி இருக்கிறது. இந்தச் சிறு விதியை நினைவில் வைத்திருக்கும் மேசையில் ஒவ்வொரு கடைசி வெட்டும் பாத்திரத்தின் மனத்தைக் கேட்டுத்தான் விழுகிறது.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. சண்டை தொடங்கியதும் யார் எப்போது செயல்படுவது என்பதைப் பகடையால் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வந்தே தீரும். கூச்ச சுபாவம் உள்ளவரும் அப்போது தம் முடிவைச் சொல்லியாக வேண்டும், மற்றவர்களும் கேட்டாக வேண்டும். உரையாடல் காட்சிகளில் இந்த நியாயம் இல்லை. உரக்கப் பேசுபவர் பேசிக்கொண்டே போவார். மற்ற நால்வரும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். சண்டை வேண்டும் என்று கேட்பவர்களில் சிலர், தமக்கும் ஒரு முறை வாய்க்கும் இடம் அது ஒன்றே என்பதால் கேட்கிறார்கள் என்பதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். அதன் பிறகு அரசவைக் காட்சியிலும் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, 'இப்போது உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது?' என்று வரிசையாகக் கேட்டு வருகிறேன். குரலை மாற்றிப் பேசினால்தான் பாத்திரமேற்றல் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 'என் பாத்திரம் தன் தந்தையின் மோதிரத்தைக் காவலனிடம் காட்டி, வழிவிடும்படி கெஞ்சுகிறாள்' என்று ஒருவர் மெல்லிய குரலில் சொன்னால், அது எந்த வசனத்துக்கும் குறைந்ததல்ல.

வரைபடத்தில் கட்டம் எண்ணி, வியூகம் வகுத்து ஆடுவதே இன்பம் என்று சொல்லும் குழுக்களை நான் குறைத்து மதிக்கவில்லை. அதை முதல் அமர்விலேயே எல்லாரும் பேசி ஒப்புக்கொண்டால் போதும். வாளைத் தொட்டாலே அழிவு என்ற உணர்வை நாடுவோருக்கு 1981 முதல் 'கால் ஆஃப் கத்துல்ஹூ' போன்ற திகில் கதை விளையாட்டுகள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பெரும்பான்மைக் குழுக்களுக்காகவே இதை எழுதுகிறேன். சண்டையை அமைக்கும் முன், எதிரிக்கு என்ன வேண்டும், எந்த நிலையில் அவன் பின்வாங்குவான், உயிரைத் தவிர வேறு எதை இந்தச் சண்டையில் இழக்க நேரும் என்பவற்றை டன்ஜன் மாஸ்டர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். இவற்றுக்கு விடை இல்லாத சண்டைகளை நான் இப்போதெல்லாம் நீக்கிவிட்டு, இரண்டே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறேன்.

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், நேரப் பங்கீட்டுக்குப் பதிலாக இந்தப் புள்ளிக் கணக்கையும், கூச்சமுள்ள ஆட்டக்காரர்களின் நிலையையும் எடுத்துக்கொள்ளுமாறு தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்