பானட்டைத் திறக்கச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் பழைய டீசல் கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பதினைந்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி புகை கக்கும், அதை வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொட்டி அழுதுகொண்டே இருக்க வேண்டும், அதற்கு உடைக்கக் கொடுத்துவிடுவதே மேல் என்று எழுதியிருந்தது. சொந்தக்காரரே வேலை பார்க்கலாம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் நிற்பது 1994-ஆம் வருஷத்து அம்பாசிடர் நோவா, டீசல். 1489 சிசி இன்ஜின். அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்கு டிரைவராக இருந்தார். முதலாளி வேறு கார் வாங்கியபோது இதை அப்பா விலைக்கு எடுத்துக்கொண்டார். 2011-இல் அப்பா காலமானதும், "இதை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்யப்போகிறாய், தள்ளிவிடு" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் அப்போது அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா வண்டிக்கடியில் படுத்திருக்கும்போது டார்ச் பிடித்தும் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தும் வளர்ந்தவள். விற்க மனம் வரவில்லை.

நானே வேலை பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். திருநெல்வேலிக்குப் போகும் வழியில் கயத்தாறு தாண்டியதும் வண்டி மூச்சுத் திணறுகிற மாதிரி இழுத்து, நின்றுவிட்டது. டீசலைக் கையால் ஏற்றுகிற கை பம்ப்பை நாலு தட்டு தட்டினால் ஸ்டார்ட் ஆகும். பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடி நிற்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறந்து ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பெரிய பம்ப்பை இறக்கிப் புதிதாக எல்லாம் போட வேண்டும், 22,000 ரூபாய் ஆகும், அப்புறமும் கியாரண்டி சொல்ல முடியாது, வண்டிக்கு வயதாகிவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் நோட்டை எடுத்தேன். நாற்பது பக்க நோட்டு, முழுக்கத் தமிழில், பென்சிலில் எழுதியது. அதில் ஒரு இடத்தில் "டேங்க்கிலிருந்து கை பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும்" என்று இருந்தது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சரியான பேச்சு! கீழே ஒரு சொட்டு டீசல் சிந்தவில்லை என்பதாலேயே எல்லோரும் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு பம்ப்பைக் குறை சொல்கிறார்கள். கை பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூபை மாட்டி இன்ஜினை ஓடவிட்டேன். முத்து முத்தாகக் காற்றுக்குமிழ் ஓடியது. பின்னோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போனால், டேங்க்குக்குப் பக்கத்தில் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்திருக்கிறது. டீசலுக்கென்று விற்கிற ஹோஸ் ஒரு துண்டு, இரண்டு கிளிப், எல்லாம் சேர்த்து 120 ரூபாய். அந்த டியூபைக் கழற்றிவிட்டேன். அது சோதனைக்கு மட்டும்தான், டீசலில் ஊறினால் விறைத்துப்போகும்.

அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் லைனில் மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். இதை டீசல் கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்திக் கை பம்ப்பை அடித்தால் முதலில் நுரையாக வரும். நுரை நின்று சுத்தமாக டீசல் வரும்போது இறுக்க வேண்டும். அதேபோல பெரிய பம்ப்பில். கடைசியில், இன்ஜினுக்குள் டீசலைத் தூவுகிற நாசில்களில் இரண்டுக்குப் போகும் பைப் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் கசிந்ததும் இறுக்கினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கையை அதன் முன்னால் கொண்டுபோகவே கூடாது. நாசில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தின மாதிரிதான் வெளியே தெரியும், உள்ளே சதை அழுகிப்போகும். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

டேப்பெட் வைப்பதையும், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதையும், சொல்லியாக வேண்டும். காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் திறந்து மூடுகிற எட்டு வால்வு. எந்த வால்வு முழுசாக மூடியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்பா ஏழாவது வரைக்கும்தான் படித்தவர். "கூட்டினால் ஒன்பது வரணும் தாயி" என்பார். எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது. கணக்கு டீச்சரான எனக்கு இந்த இன்ஜின் மேல் மரியாதை வந்ததே அந்த ஒன்பதால்தான். இடைவெளி 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு நகர வேண்டும். டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் அதிகம், கையால் சுற்றுவது கஷ்டம். அதனால் சாவியை எடுத்துவிட்டு, டீசலை நிறுத்துகிற ஸ்டாப் நாபை இழுத்துவைத்து, டாப் கியரில் போட்டு, பக்கத்து வீட்டுத் தம்பியை மெல்லத் தள்ளச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் காப்பி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

புகைக்கு வருகிறேன், கட்டுரையின் முக்கியமான குற்றச்சாட்டே அதுதான். 2024-இல் ஆர்.சி. புதுப்பிக்கும் முன் புகை டெஸ்டுக்குப் போனேன். எங்களுடையது மாதிரிப் பழைய காலத்து வண்டிக்குப் புகை அளவில் அனுமதி 2.45. எங்கள் வண்டி 2.31 காட்டியது. பாஸ்தான். ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது பின்னால் கறுப்பாகக் கிளம்பிய புகையைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? எங்களுடையது கரிசல் பூமி. கோடையில் மாவு மாதிரிப் பறக்கிற மண். ஏர் கிளீனரைக் கழற்றினால் அரைக் கிண்ணம் தூசி. காற்றுப் போகாமல் டீசல் மட்டும் போனால் கறுப்பாகத்தான் வரும். அதைச் சுத்தம் செய்தேன். நான்கு நாசிலையும் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்தேன். இரண்டு, பூவாகத் தூவாமல் சொட்டு விட்டுக்கொண்டிருந்தன. முனை மாற்றி மாட்டினேன். திரும்ப டெஸ்ட் எடுத்தபோது 1.4. அதே வண்டி, அதே முப்பது வயது.

அந்த வேலையில் ஒரு தப்பும் செய்தேன். ஒரு நாசிலின் பழைய செம்பு வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் அதன் மேலேயே புதிய வாஷரைப் போட்டுவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று காற்றுக் கசிகிற சத்தம். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. இப்போது டார்ச் அடித்துக் குழியைப் பார்க்காமல் நாசில் மாட்டுவதில்லை.

புகைக்குக் கடுமையான விதி வைத்திருக்கிற புதிய பி.எஸ். 6 வண்டியோடு எங்கள் வண்டியை ஒப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். மாதம் இருநூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். 2019-இல் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2024-இல் 5,000 ஆகியிருந்தது, பசுமை வரி தனி. அதையும் கட்டினேன், குறை சொல்ல வரவில்லை. எல்லா வேலையையும் வீட்டில் செய்யலாம் என்றும் சொல்லமாட்டேன். பம்ப்பைப் பிரிக்க மாட்டேன், அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். பிரேக் வேலை, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே மாட்டேன். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான். மாற்றிய ஆயிலை சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, சேர்த்து எடுப்பவரிடம் கொடுத்துவிடுவேன்.

நான் கேட்பது இதுதான். நம் ஊர் ஐ.டி.ஐ.களில் மெக்கானிக் டீசல் என்று ஒரு வருஷப் படிப்பே இருக்கிறது. இன்ஜின் இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் பொதுமக்களுக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டே, நான்கு வாரம் வகுப்பு எடுக்கலாமே. ஏர் எடுப்பது, ஃபில்டர் மாற்றுவது, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்கை டெஸ்ட் லைட் வைத்துப் பார்ப்பது, ஃபேன் பெல்ட், டேப்பெட், இவ்வளவு போதும். டிராக்டர், மோட்டார் செட் வைத்திருக்கிற விவசாயிகளுக்கும் இதே வேலைதான். பெண்களும் வருவார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளில் மூன்று பேர் இப்போதே வந்து டேப்பெட் வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்து எந்தக் கார் வாங்கலாம் என்று வாராவாரம் எழுதுகிற அந்தப் பக்கத்தில், கால் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். டீசல் வேலையைத் தமிழில் விளக்கமாக எழுதித்தர ஆள் இல்லை என்று நினைத்தால், அப்பாவின் நோட்டை நகல் எடுத்து அனுப்பிவைக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஆயில் கறை பட்டு மூன்று வரி படிக்க முடியாமல் இருக்கிறது. அது கிளட்ச் பற்றியது. அதை மட்டும் நான் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற கணக்கு ஆசிரியை,
கோவில்பட்டி.