டானா ஆற்றங்கரையிலிருந்து அப்பாவுக்கு

டானா ப்ரூ, நோர்வே
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கட கடிதம் போன கிழமை கிடைச்சது. மாசிக்குப் பிறகு என்னட்டயிருந்து ஒரு வரியும் இல்லை என்று அம்மா குறைப்பட்டதாக எழுதியிருந்தீங்கள். அதுக்கும் சேர்த்து இந்தக் கடிதத்தை நீளமாக எழுதுறன். நான் நல்ல சுகம். தொழிற்சாலைக்கு இந்த வருசம் கொட் மீன் வரத்துக் குறைவு. அதனால் எங்களில் கொஞ்சப் பேருக்கு லீவு தந்திருக்கினம். தொழிற்சாலை இருக்கிற பொத்ஸ்ஃபியோர்டில் சும்மா இருப்பானேன் என்று, நூறு கிலோமீற்றர் தள்ளி இந்த ஆற்றங்கரையில் ஒரு அறை எடுத்து வந்திருக்கிறன். வாடகையும் குறைவு, காற்றும் நல்லது. நீங்கள் யோசிக்க ஒன்றுமில்லை.

எஞ்சின் இருக்கிற நாட்டில், இந்த டானா ஆற்றில் ஏன் தண்டு வலிச்சுச் சல்மன் மீன் பிடிச்சவை, பிறகு 2021இல் அதையும் ஏன் நிப்பாட்டினவை என்று கேட்டிருந்தீங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் அலுப்பாக இருக்கும், நீங்கள் தனிய இருந்து வாசியுங்கோ.

டானா ஆறு நோர்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாகக் கன தூரம் ஓடி வடக்கே பாரன்ட்ஸ் கடல் பக்கம் விழுது. இதைச் சாமி இன மக்கள் தேஅத்னு என்பினம், பின்லாந்துக்காரர் தெனோ என்பினம். 1928இல் ஹென்ரிக் ஹென்ரிக்சன் என்றவர் இதில் தூண்டில் போட்டுப் பிடிச்ச சல்மன் ஏறக்குறைய 36 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட அத்திலாந்திக் சல்மனில் உலகத்திலேயே பெரியது அதுதான் என்று இன்றைக்கும் சொல்லினம்.

இந்த மீன் கடலில் தின்று கொழுத்து ஆற்றுக்குள் ஏறினபிறகு தீன் எடுக்காது. ஐப்பசி வாக்கில் சரளைக்கல்லுக்குள் முட்டை போடும்வரைக்கும் உடம்பில் உள்ள கொழுப்பிலேயே சீவிக்கும். பசியில்லாத மீன், இரைக்குப் பின்னால் ஓடி வராது. தான் கிடக்கிற இடத்தில், முகத்துக்கு நேரே, ஒரு பொருள் மெதுவாக வந்து நின்று ஆடினால்தான் கடிக்கும். அதனால் இரையை ஓடவிடக்கூடாது, நீரோட்டத்துக்குள் நிறுத்திப் பிடிக்க வேணும். எஞ்சினால் அது ஏலாது. எஞ்சின் ஆட்களையும் வள்ளத்தையும் மேல்நோக்கிக் கொண்டுபோறதுக்கு மட்டும்தான். முந்தி அதையும் நீளத்தடியால் ஊன்றி ஊன்றித்தான் ஏத்தினவை.

வலிக்கிற முறை இதுதான். வள்ளத்தின்ர அணியம், அதுதான் முன்பக்கம், எப்பவும் நீரோட்டத்தைப் பார்த்து மேல்நோக்கி இருக்கும். வலிக்கிறவர் மேல்நோக்கித்தான் வலிப்பார், ஆனால் ஆற்றின்ர வேகத்தைவிட ஒரு சொட்டுக் குறைவாக. அதனால் வள்ளம் பின்பக்கமாக மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அதோட சேர்த்து ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குச் சரிச்சுக்கொண்டு போவார், அங்கே திருப்பி இந்தக் கரைக்கு வருவார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வள்ளம் ஒன்றிரண்டு வள்ள நீளம் கீழே போயிருக்கும். நூல் பின்பக்கத்தால் 20 முதல் 40 மீற்றர் வரைக்கும் போயிருக்கும். இப்படிப் போனால் அந்த மடுவில் எந்தக் கல்லுக்குப் பின்னால் மீன் கிடந்தாலும், இரை அதன் வாய்க்கு முன்னால் ஒருக்கால் என்றாலும் போகும்.

ஒரு வள்ளத்தில் இரண்டு மூன்று தூண்டில் தடி வைப்பினம். மூன்று என்றால் நடுத்தடியின் நூலை நீளமாகவும் பக்கத்தடிகளின் நூலைக் கட்டையாகவும் விட வேணும், இல்லாட்டித் திருப்பத்தில் ஒன்றோடொன்று பின்னிப்போகும். திருப்பம்தான் பொல்லாத இடம். வள்ளம் திரும்பேக்க வெளிப்பக்கத்து இரை வேகமெடுக்கும், உட்பக்கத்து இரை தளர்ந்து அடியில் கல்லுக்குள் இறங்கும். அவசரப்பட்டுத் திருப்பினால் இரையும் போகும், நூலும் போகும். பொறுமையாக, அணியத்தை மேல்நோக்கியே வைச்சுக்கொண்டு திருப்பினால், வேகம் மாறுற அந்தக் கணத்திலதான் கன மீன் கடிக்கும்.

கண் எப்பவும் தடி நுனியில் இருக்க வேணும். இரை ஆடுறவரைக்கும் நுனி விடாமல் நடுங்கும். நடுக்கம் நின்றால், தூண்டிலில் புல்லோ இலையோ கொழுவியிட்டுது என்று அர்த்தம். அதை இழுத்துத் துப்பரவாக்காமல் எத்தனை மணித்தியாலம் வலிச்சாலும் வீண். கல்லில் கொழுவினால் வள்ளத்தில் இருந்தபடி பலமாக இழுக்கக்கூடாது, தூண்டில் இன்னும் இறுகும். இரை வள்ளத்தைவிட ஆற்றோட்டத்தில் கீழேதானே கிடக்கும், அதனால் வள்ளத்தைக் கீழே இறங்கவிட்டு, கல்லைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கத்தால் இழுத்தால் அநேகமாகக் கழண்டுவரும்.

நூல் சுற்றுற றீலின் பிறேக்கை, நீரோட்டம் இரையை இழுக்கிற இழுவைக்கு நூல் ஓடாத அளவுக்கு, அதுக்குக் கொஞ்சம் மேலே வைக்கினம். அதைவிட இறுக்கினால் முதல் அடியிலயே வாய் கிழிஞ்சு மீன் போகும், அல்லது நூல் அறும். தளர்த்தினால் றீல் கட்டுப்பாடில்லாமல் சுழன்று நூல் சிக்குப்படும். மீன் கடிச்சவுடன தடியை வெட்டி இழுக்கக்கூடாது. வலிக்கிறவர் இரண்டு வலி பலமாக வலிச்சாலே தூண்டில் தைக்கும். மற்றத் தடிகளை உடனே சுற்றி எடுத்துப்போட்டு வள்ளத்தைக் கரைக்கு விடுவினம். பெரிய மீனை வள்ளத்துக்குள் ஏத்துறது குறைவு, சரளைக்கரையில் இறங்கித்தான் எடுப்பினம். முந்திக் கொளுக்கியால் குத்தினவை, பிறகு அத்தாங்கு வந்தது.

இனி நீங்கள் கேட்ட தூண்டில் சாமான். மரத்தில் செதுக்கின மீனும் செப்பு, பித்தளைத் தகட்டில் அடிச்ச கரண்டியும்தான் பழைய இரை. பிறகு அநேகம் பேர் பாவிச்சது வொப்ளர், வாய்க்குக் கீழே ஒரு தகட்டு நாக்கு வைச்ச பொய் மீன். பின்லாந்தில் லவுரி ரப்பலா என்றவர் 1936இல் தக்கையில் ஒன்று செதுக்கி, சொக்கலேற் சுற்றுற வெள்ளித்தாளை ஒட்டி, படச்சுருளை உருக்கி மேலே பூசிச் செய்தது பிறகு உலகமெல்லாம் போச்சு. இந்த ஆற்றுக்கென்று கையால் செதுக்கிற ஆட்களும் இரண்டு கரையிலும் இருக்கினம். புது வொப்ளரை முதலில் வள்ளத்துக்குப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பினம். இடப்பக்கம் சாய்ந்து ஓடினால் மூக்கு வளையத்தை மயிரளவு வலப்பக்கம் வளைக்க வேணும். இதைப் பார்க்காமல் 30 மீற்றர் நூல் விட்டால் பக்கத்து நூலில் போய்ச் சுற்றும்.

பனி உருகி ஆறு கலங்கி, தண்ணி விறைக்கிற குளிரில் ஓடுற ஜூன் மாதத்தில் பெரிய வொப்ளர், வெளிச்சமான நிறம், சரியான மெதுவான வலிப்பு. பெரிய மீன்கள் ஏறுறதும் அப்பதான். ஜூலையில் தண்ணி வத்தித் தெளிஞ்சபிறகு, ஒரு வருசம் மட்டும் கடலில் இருந்த சின்ன மீன்கள் வரும். அப்ப சின்ன இரை, கறுத்த நிறம், இறகில் கட்டின ஈ. முந்தி வள்ளத்தில் ஈ போடுறவை குறைவு, பிறகு கூடிப்போச்சு.

நூலைப் பற்றியும் கேட்டிருந்தீங்கள். சணல் நூலும் பட்டு நூலும் இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் விரிச்சுக் காயப்போடாட்டி உக்கிப்போகும். நைலோன் வந்து அந்த வேலை ஒழிஞ்சுது. வலிக்கிறவை அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள தங்கூசியையே, அதாவது ஒற்றை இழை நைலோன் நூலையே, விரும்பினம். பின்னல் நூல் மெல்லிசு, பலம் கூட, ஆனால் இழுபடாது. மீன் அடிக்கேக்க வாய் கிழியிறதுக்கு அது ஒரு காரணம். பாவிக்கிறவையும் முனையில் சில மீற்றர் தங்கூசி கட்டித்தான் விடுகினம். ஸ்வீடன்காரரின்ர அம்பாசடர் றீல் 1952இல் வந்தது. அதில் சில இன்னும் இங்கே வேலை செய்யுது. தடி மரத்திலிருந்து மூங்கிலுக்கும், பிறகு பைபருக்கும், காபனுக்கும் மாறிப்போச்சு. வள்ளமும் கூடுதலாகப் பைபர்தான்.

என்னைக் கேட்டால், இவ்வளவு மாறியும் மீனைப் பிடிக்கிறது வலிக்கிறவரின்ர கைதான். விலை கூடின வொப்ளரைக் கட்டிவிட்டு வேகமாக இறங்கிற வள்ளத்துக்கு ஒன்றும் கிடைக்காது. வெளியூர்க்காரர் எல்லைப் பகுதியில் வள்ளத்திலிருந்து பிடிக்கிறதென்றால் ஊர்க்காரர் ஒருவர் வலிக்க வேணும் என்று விதியே இருந்தது. எந்தக் கல் எந்தத் தண்ணி மட்டத்தில் வெளியே தெரியும், மீன் அதுக்கு முன்னால் கிடக்குமா பின்னால் கிடக்குமா என்றது அவைக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுக் கிழவர் அப்படி வலிச்ச ஒருவர். ஆட்களோட கதைக்கமாட்டார், முகம் பார்க்கமாட்டார். ஆனால் பின்னேரம் ஏழு மணிக்கு மர வள்ளத்தை இறக்கி, தடியும் இல்லை, நூலும் இல்லை, கரைக்குக் கரை சரிச்சுச் சரிச்சு அந்த மடு முழுக்க வலிச்சு இறங்கி வருவார். ஊர் முழுக்க இந்த மனிசனைப் பார்த்துச் சிரிக்குது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. மர வள்ளம் பனிக்காலம் முழுக்கக் கரையில் காய்ந்து பலகை விலகிக் கிடக்கும். வைகாசியில் பைன் மரத்துத் தாரையும் ஆளி எண்ணெயையும் சூடாக்கிப் பூசி, பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணிக்குள் ஊறவிட்டால்தான் பலகை ஊதி ஒட்டைகள் அடையும். அவர் தார் காய்ச்சுற நாளில் மணம் என்ர அறைக்குள் வரும். அப்பா, அண்டைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம்மட வாடி, நீங்கள் வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எண்ணெய் பூசுறது, அம்மா புட்டும் சம்பலும் கொண்டுவந்து வைச்சுவிட்டு ஆறப்போகுது என்று கத்துறது, எல்லாம் ஒரேயடியாக வந்துது. இங்கே கடையில் பண்ணைச் சல்மன்தான் கிடைக்குது. அம்மா தந்துவிட்ட தூளில் கறி வைச்சால் மேலே ஒரு விரல் எண்ணெய் மிதக்கும். ஆற்றுக்குப் பக்கத்தில் பிறந்த சனமும் அதைத்தான் வாங்கித் தின்னுது.

ஏனென்றால் 2021இலிருந்து இந்த ஆற்றில் சல்மன் பிடிக்கத் தடை. தூண்டிலுக்கும் தடை, வலைக்கும் தடை. சாமி மக்கள் ஆற்றுக்குள் கம்பு நட்டு வலை கட்டுற முறை ஒன்று இருக்கு, எங்கட களங்கண்டி மாதிரி. இரண்டு பேர் வள்ளத்தில் போய் நீரோட்டத்தோட வலையை மிதக்கவிடுறது இன்னொன்று. எல்லாம் இப்ப சுவரில் தொங்குது. இந்த ஆற்றுச் சல்மன் ஒரே கூட்டமில்லை, கிளையாறுகளில் ஏறக்குறைய 30 தனித்தனிக் குடிகளாக இருக்கு. பெரிய ஆற்றில் வலிக்கிற வள்ளத்துக்குத் தான் பிடிச்ச மீன் எந்தக் கிளையாற்று மீன் என்று தெரியாது. நலிஞ்சுபோன குடியிலிருந்தும் எடுபடும். அதைவிடக் கடலுக்குப் போற குஞ்சுகளில் திரும்பி வாறதும் குறைஞ்சு போச்சு. 2017இல் இரண்டு நாடும் புது ஒப்பந்தம் போட்டு மீன்பிடியைக் குறைச்சவை. தங்களைக் கேட்காமல் செய்ததென்று சாமி மக்கள் ஆற்றிலுள்ள ஒரு தீவில் கூடாரம் போட்டு எதிர்த்தவை. பரம்பரையாகப் பிடிச்ச சனத்துக்கு வெளியூர்க்காரரைவிட முதல் உரிமை இருக்க வேணும் என்றதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் முட்டை போட மீன் வேணும் என்றதும் உண்மை. இந்த வருசம் ஜூன் 23இல் நாட்டின்ர மற்றப் பக்கங்களிலும் 33 ஆறுகளை மூடினவை.

இதோட ரஷ்யர் 1950களில் வெள்ளைக்கடல் பக்கத்து ஆறுகளில் விட்ட கூன் சல்மன் என்ற பசிபிக் பக்கத்து வேறு இனம், ஒற்றைப்படை வருசங்களில் கூட்டம் கூட்டமாக இங்கேயும் ஏறுது. 2023இல் அதைப் பிரிக்க ஆற்றுக்குக் குறுக்கே வேலியும் போட்டுப் பார்த்தவை. வேறு ஆற்றில் பாவிச்ச தடி, றீல், சப்பாத்து எதையும் நனைஞ்சபடி கொண்டுவரக்கூடாது, மருந்தில் தோய்க்க வேணும். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்று நோர்வேயில் கன ஆறுகளின் குஞ்சுகளை அழிச்சிருக்கு. டானாவில் அது இன்னும் வரவில்லை.

எனக்குப் பயம் ஒன்றுதான். மீன் திரும்பி வரலாம். அதுக்குள் பத்துப் பதினைந்து வருசம் போனால் வலிக்கத் தெரிஞ்ச கை இருக்குமோ? ஸ்கொட்லாந்தில் டே ஆற்றில், 1922 அக்டோபர் 7ஆம் திகதி ஜோர்ஜினா பலன்டைன் என்ற பெண் 64 பவுண்டுச் சல்மன் பிடிச்சவ. பிரித்தானியாவில் இன்றுவரைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு வள்ளம் வலிச்சது அவவின்ர தகப்பன்.

இனி வீட்டு விசயம். வள்ளத்தை விக்கப்போறதாகத் தம்பி போனில் சொன்னவன். நீங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. விக்கவேண்டாம். எஞ்சினை வேணுமென்றால் விக்கட்டும், வள்ளம் கிடக்கட்டும். பெரியண்ணையின்ர மூத்தவனைக் கிழமையில் இரண்டு நாள் கூட்டிக்கொண்டுபோய்த் தண்டு வலிக்கப் பழக்குங்கோ. பள்ளிக்கூடம் கெடும் என்று அண்ணி சொல்லுவா, சனி ஞாயிறு கெடாது.

தங்கச்சியின்ர சீட்டுக்காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும், வங்கியில் ஏதோ மாற்றம் செய்யினமாம். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புறன், மாமியிட்ட இதைச் சொல்லவேண்டாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு முடிவு சொல்ல முதல் தங்கச்சியைத் தனியாக ஒருக்கால் கேளுங்கோ, அம்மாவுக்கு முன்னால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். காணி உறுதியை மூலத்தோட ஒருவரிடமும் குடுக்காதேங்கோ, பிரதி போதும். கூரை ஓடு மாத்துறதை மாரிக்கு முன்னம் முடிக்க வேணும். மேசனிட்ட விலையைக் கேட்டு எழுதுங்கோ, அதுக்கு ஒரு வழி செய்யலாம். உங்கட கண்ணுக்கு வெட்டுறதுக்குத் திகதி தந்தவையோ? அதைத் தள்ளிப்போடாதேங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்