கடற்கரையில் பெண்கள் குளித்து உடைமாற்ற மறைவான இடம் கேட்டு மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம், சிலாங்கூர்.

அனுப்புநர்:
அம்மன் ஆலய மகளிர் பிரிவினர் மற்றும் தாமான் (வீட்டுக் குடியிருப்பு) வாழ் பெண்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதன் மலாய்ப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறோம். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. கையெழுத்துப் போட்ட பெண்களில் பலர் தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள். என்ன கேட்கிறோம் என்று தாங்களே வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம் என்றார்கள். அது நியாயம்தான்.

நம் கடற்கரையின் தென்கோடியில், சவுக்கு மரங்களைத் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. சடங்கு நாட்களில் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை அதைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கித் தர வேண்டும். அந்த நேரத்தில் அங்கே யாரும் படம் எடுக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

நாங்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஒரு குழாயடி. கைலியை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு திறந்த வெளியில்தான் குளித்தோம். ஆண்கள் அந்தப் பக்கம் வர வேண்டியிருந்தால் தூரத்திலேயே கனைத்துக்கொண்டு வருவார்கள், தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். யாரும் போர்டு மாட்டவில்லை, ஊருக்கே அந்த ஒழுங்கு தெரிந்திருந்தது. லயங்களை இடித்துத் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. கடலுக்கு மட்டும் இன்றும் பழையபடியே போகிறோம். அஸ்தி கரைக்க, கருமக்கிரியைக்கு, ஆடி அமாவாசைக்கு, மாசி மகத்துக்கு.

சென்ற ஆண்டு என் அக்காவின் கணவர் இறந்தார். பதினாறாம் நாள் விடியலில் அக்காவைக் கடலில் குளிக்க வைத்து, தாலியைக் கழற்றி, உடை மாற்ற வேண்டும். நான்கு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடற்காற்று சேலையை வாரிக்கொண்டு போனது. அணைக்கரை மேல் மோட்டார் சைக்கிள்களோடு நின்ற சில பையன்கள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். இரண்டு நாளில் அது வாட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. போலீஸில் புகார் கொடுத்தோம். ஒருவரின் மானத்துக்குப் பங்கம் செய்வது குற்றவியல் சட்டம் 509-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்று தெரிந்துகொண்டோம். ஆனால் எடுத்தவன் யார் என்று இதுவரை தெரியவில்லை. அக்கா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். புருஷனை இழந்த துக்கத்தைவிட இந்த வெட்கம்தான் அவரை வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

சரி, இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023-ல் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட் போயிருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், மகளோடு வேலை பார்க்கும் மூத்த தாதி ஒருவர் எங்களைக் காரில் தெற்கே பைரன் பே பக்கம் அழைத்துப் போனார். டியாகரா என்ற இடம். பக்கத்தில் ஒரு சிறு ஏரி. டீ ட்ரீ மரங்களின் சாறு இறங்கி, தண்ணீர் நம் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் இருந்தது. புதர்க்காட்டைக் கடந்து மணலுக்கு வந்தால் ஒரு போர்டு. அதற்கு அப்பால் உடை உடுத்துவதும் உடுத்தாததும் அவரவர் விருப்பம் என்று மகள் வாசித்துச் சொன்னாள். பதறிப்போய், திரும்பிப் போகலாம் என்றேன். “உடுத்திக்கொண்டே இருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்” என்றார் அந்தத் தாதி.

பஞ்சாபி சூட்டோடு ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். அங்கே எனக்குப் பழக முடியாதது நிறைய இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் என் வயதுப் பெண் ஒருவர், வயிற்றில் அறுவைத் தழும்போடு, துண்டை மணலில் வைத்துவிட்டு நிதானமாகக் கடலுக்குள் நடந்து போனார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உற்றுப் பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அசிங்கமாக நடக்கக் கூடாது, உட்காரும் இடத்தில் சொந்தத் துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் எழுதாத சட்டம் இது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் துணியோடு கடலில் இறங்கினேன். நனைந்து, சூட் உடம்போடு ஒட்டிக்கொள்ள வெளியே வந்தபோது, என் கைகள் மாரை மறைக்கப் போகவில்லை. குழாயடிக்குப் பிறகு எனக்கு அப்படி நடந்தது அன்றுதான்.

ஐயா, தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம். அப்படி ஒரு கடற்கரையை நாங்கள் கேட்கவில்லை. 2015-ல் கினபாலு மலை மேல் ஆடை களைந்த வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூன்று நாள் சிறையும் ஐயாயிரம் ரிங்கிட் அபராதமும் விதித்த நாடு இது. அந்தக் கோபத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. அங்கிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது ஒரே ஒரு விஷயம்தான். எல்லை எது, விதி எது என்று அரசாங்கம் தெளிவாகச் சொன்னால், பார்வையாலும் கைப்பேசியாலும் வரும் தொல்லையைக் குறைக்க முடியும்.

வெறும் அறிவிப்பு போதாது என்பதற்கும் அதே இடம்தான் சாட்சி. 1998-ல் அந்த ஊராட்சி மன்றமான பைரன் ஷயர் கவுன்சில் கொடுத்த அனுமதியை 2024-ல் நிறுத்திவிட்டார்கள். தகாத நடத்தை பற்றிப் புகார்கள் இருந்தன. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அரக்வால் மக்களுக்கும் அது தங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாததாக இருந்தது. செய்தி கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் அவர்கள் மண், அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் மயாமி அருகே ஹாலோவர் கடற்கரையில் இதே வழக்கம் 1991 முதல் நீடிக்கிறது. அது வட்டார அரசாங்கத்தின் பூங்கா, உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள், எல்லைப் பலகைகள் இருக்கின்றன. அதனால்தான் கண்காணிப்பையும் சேர்த்துக் கேட்கிறோம்.

ஆறடி உயரத்தில் ஒரு மறைப்புச் சுவர், உள்ளே உடை மாற்ற மூன்று தடுப்புகள், உப்பைக் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் அறிவிப்புப் பலகை. கட்டடம் பெரிதாக வேண்டாம். ஆடி அமாவாசை, மாசி மகம் இரண்டு நாளும் இரண்டு பெண் போலீஸ்காரர்கள் வந்தால் போதும். மற்ற நாட்களில் எங்கள் மகளிர் பிரிவே முறை வைத்து ஆள் நிறுத்தும், கூட்டிப் பெருக்கும். அப்புறம், தண்ணீர் வற்றினால் நம் கடல் வெகுதூரம் உள்வாங்கி வெறும் சேறாகிவிடும். ஆகவே ஆறு முதல் பத்து என்பதைக் கல்லில் செதுக்க வேண்டாம், தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அறிவித்தால் நல்லது.

ஒரு சாராருக்கு மட்டும் சலுகையா என்று யாராவது கேட்கலாம். கடற்கரை முனையில் நாசி லெமாக் விற்கும் மலாய் அக்காவிடம் இதைச் சொன்னபோது, “எங்களுக்கும் திறந்து விடுங்கள், பிள்ளைகளோடு கடலில் இறங்கி எத்தனை வருஷமாச்சு” என்றார். எந்த இனப் பெண்ணும் வரலாம். 2010 முதல் கொமுட்டர் ரயிலில் மகளிர் பெட்டி ஓடுகிறது. அதில் ஏறும் பெண்ணை யாரும் இனம் கேட்பதில்லை. அதே ஏற்பாட்டைத்தான் மணலில் கேட்கிறோம்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு முன் தாங்களோ தங்கள் அதிகாரிகளோ ஒருநாள் விடியலில் அங்கே வந்து பார்க்க வேண்டுகிறோம். நாங்கள் குறிப்பிடும் இடத்தைக் காட்ட நான்கு பெண்கள் காத்திருப்போம். வருவதாக இருந்தால் ஆலய அலுவலகத்தில் முதல்நாள் சொல்லி அனுப்பினால் போதும். என் அக்காவையும் அழைத்து வர முயல்கிறேன்.

இப்படிக்கு,
மகளிர் பிரிவுத் தலைவி
(உறுப்பினர்களின் கையெழுத்துப் பட்டியலும் மலாய்ப் பிரதியும் இணைப்பில்)