செயலாளர் ஆண்டறிக்கை: பழைய கன்சோல்களுக்குப் புதிய விளையாட்டுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பழுதாகிக் கிடந்த படக்குழாய்த் தொலைக்காட்சி மீண்டும் ஓடுகிறது. கன்சோல்கள் எனப்படும் பழைய விளையாட்டு இயந்திரங்களுக்கு நாம் புதிய விளையாட்டுகள் எழுதும் வேலை இவ்வாண்டு எப்படி நடந்தது என்பதைப் பற்றியே விரிவாகப் பேச விரும்புகிறேன்.

சென்ற பொதுக்குழு ஒரு விதி வகுத்தது. உண்மையான கன்சோலில் ஓடிக் காட்டிய விளையாட்டு மட்டுமே ‘முடிந்தது’ என்று பதிவுப் புத்தகத்தில் ஏறும். கணினியில் கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரில் ஓடினால் போதாது. பொழுதுபோக்குக்காக எழுதுபவர்களுக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அந்த விதியால்தான் நம் நிரல்கள் இவ்வாண்டு தேறின என்பது என் உறுதியான கருத்து.

நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலுக்கான பிரிவில் எழுதப்பட்ட ஒரு புதிர் விளையாட்டு எமுலேட்டரில் மாதக்கணக்கில் பிழையின்றி ஓடியது. கன்சோலில் செருகியதும் கட்டங்கள் தாறுமாறாக வந்தன. அந்த இயந்திரத்தின் 2 கிலோபைட் நினைவகத்தில், மின்சாரம் பாயும் கணத்தில் என்ன மதிப்புகள் இருக்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது. எமுலேட்டர் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிக் கொடுத்திருந்ததால், தொடக்க மதிப்பு தரப்படாத ஒரு மாறி கண்ணில் படவே இல்லை. கையடக்கக் கன்சோலான கேம் பாயிலும் இப்படி ஒன்று உண்டு. திரைச் சில்லு ஒரு வரியை வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் காட்சி நினைவகத்தில் எழுதினால் அது பதிவாகாது. கண்டிப்பில்லாத எமுலேட்டர் அதையும் ஏற்றுக்கொண்டுவிடும்.

எமுலேட்டர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஸ்டெல்லாவும் மெசனும் இல்லாவிட்டால் நம்மில் பலர் தொடங்கியே இருக்க மாட்டோம். மெசனில் நினைவகத்தைக் கண்டபடி மதிப்புகளால் நிரப்பித் தொடங்கும் வசதி இருக்கிறது. அனைவரும் அதை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டாரி 2600 பிரிவைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். 1977இல் வந்த அந்தக் கன்சோலில் 128 பைட் நினைவகம்தான். முழுத் திரைப் படத்தைச் சேர்த்து வைக்க இடமே கிடையாது. தொலைக்காட்சியின் மின்கற்றை ஒவ்வொரு வரியாக நகரும்போது, அந்தந்த வரிக்கு வேண்டியதை நிரல் அப்போதே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வரிக்குக் கிடைப்பவை 76 சுழற்சிகள், அதாவது செயலியின் கடிகாரத் துடிப்புகள். ஒரு மதிப்பை ஏற்றி நிற ரெஜிஸ்டரில் (ரெஜிஸ்டர் என்பது சில்லுக்குள் ஒரு மதிப்பை வைக்கும் சிறு இடம்) எழுதவே 5 சுழற்சிகள் போய்விடும். இந்த நெருக்கடிக்குள் ஒரு பந்தாட்டம் முழுமையாக எழுதப்பட்டது. ஒருநாள், வேறெங்கோ ஓரிரு வரிகள் சேர்த்ததும் திரையில் ஓர் உருவம் மூன்று புள்ளிகள் தள்ளி நின்றது. வரையும் சுற்று நினைவகத்தில் நகர்ந்து, அதன் தாவல் கட்டளை 256 பைட் பக்க எல்லையைத் தாண்டியிருந்தது. அப்படித் தாண்டினால் ஒரு சுழற்சி கூடும். ஒரு சுழற்சிக்குள் மூன்று புள்ளிகள் வரையப்பட்டுவிடும். காரணம் பிடிபட்ட அந்த மாலையில் கூட்டம் கலைய மனமில்லாமல் இருந்தது. இந்த மகிழ்ச்சிக்காகத்தான் நாம் கூடுகிறோம்.

சி மொழியா, செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே எழுதும் அசெம்பிளியா என்ற விவாதம் இவ்வாண்டும் ஓயவில்லை. சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் உள்ள 68000 செயலிக்கும் 64 கிலோபைட் நினைவகத்துக்கும் சி தாராளமாகப் போதும். என்இஎஸ்ஸின் செயலியில் கணக்குப் போடக் கிடைப்பவை ஏ, எக்ஸ், ஒய் என மூன்றே ரெஜிஸ்டர்கள். சி நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பி அங்கே திணறும். அங்கும் புதியவர்கள் சியில் தொடங்கட்டும். வேகம் வேண்டிய இடங்களை மட்டும் பிறகு அசெம்பிளியில் மாற்றி எழுதலாம்.

என்னைக் கவலைப்படுத்துவது அரைகுறையாக நிற்கும் விளையாட்டுகள். பெரிய உலகம், நகரும் பின்னணி, பல கட்டங்கள் என்று ஆசையோடு தொடங்கி, விளையாட்டின் உலகை வரைய உதவும் மென்பொருளான வரைபடத் தொகுப்பானை எழுதுவதிலேயே ஆண்டு கழிந்துவிடுகிறது. ஆகவே செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறது: என்இஎஸ் பிரிவில் புதிதாகச் சேர்பவரின் முதல் விளையாட்டு ஒரே திரைக்குள், 32 கிலோபைட் நிரல், 8 கிலோபைட் படம் என்ற அளவுக்குள், இந்த அளவைத் தாண்ட உதவும், நினைவகப் பகுதி மாற்றும் சில்லு இல்லாமல் முடிய வேண்டும். முடித்தவர் விளக்கக் குறிப்புகளோடு மூல நிரலைச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும்.

கன்சோலில் செருகும் கேட்ரிட்ஜ்களின் பலகைகளை இரவு பகல் பாராமல் பற்றவைத்துக் கொடுத்த உறுப்பினர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. அறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்