பள்ளிக்கு ஒரு நல அலுவலர் எப்போது வருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி மாணவர்கள் மோதிக்கொண்ட செய்தி வரும் வாரமெல்லாம் இரண்டு யோசனைகள் தவறாமல் கிளம்பி வருகின்றன. நீதிபோதனை வகுப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்று. ஆசிரியர் கையில் பிரம்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. பிரம்புக்கு, பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே பதில் சொல்லிவிட்டது. நீதிபோதனையால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பில் தகராறு செய்யும் பையனுக்கு அது தப்பு என்று தெரியாமல் இல்லை. அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்று பார்த்துக் கவனிக்கப் பள்ளியில் தனியாக ஒருவர், அதாவது ஒரு நல அலுவலர், வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாம் பீரியடில் மட்டும் வம்பு செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவன் பேனாவைப் பிடுங்குவான், பெஞ்சைத் தட்டுவான், கேட்டால் எதிர்த்துப் பேசுவான். "வெளியே போய் நில்லு" என்பார் ஆசிரியர். கால அட்டவணையைப் பார்த்தால் அது ஆங்கிலப் பீரியடாக இருக்கும். ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொல்லும் நேரம் அது. அவனோ இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். நாற்பது பேர் முன்னால் திக்குவதைவிட வராண்டாவில் நிற்பது அவனுக்கு எவ்வளவோ மேல். நாம் கொடுத்த தண்டனை அவன் வேண்டி நின்ற வரமாகிவிடுகிறது. நாளைக்கும் அதையேதான் செய்வான்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, சம்பவத்துக்குச் சற்று முன் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் எழுதிவர வேண்டும். "அடாவடி செய்தான்" என்று எழுதினால் பயனில்லை. "புத்தகத்தைத் தூக்கி எறிந்தான்" என்று கண்ணால் கண்டதை எழுத வேண்டும். பல நேரம் விஷயம் தானாகத் தெரிந்துவிடும். சிலரிடம் குறிப்பிட்ட பாடத்தில் மட்டும், சிலரிடம் திங்கள் காலையில் மட்டும் வம்பு வரும். மதிய உணவுக்கு முந்தைய பீரியடில் மட்டும் சிடுசிடுப்பவர்களும் உண்டு. (காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதை இங்கே நினைவூட்டியாக வேண்டும்.) மேலே சொன்ன பையனுக்கு மறுநாள் வாசிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே கொடுத்து அனுப்பலாம். தனியாக வாசிப்புப் பயிற்சிக்குத் தினம் அரை மணி நேரம் ஒதுக்கலாம். வாசிக்க வந்துவிட்டால் வம்புக்கான காரணமே போய்விடும்.

பெரியவர்களின் கவனத்துக்காகவே வம்பு செய்கிறவர்களுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் பல காலமாகப் பயன்படும் தினசரி அட்டை முறை அது. காலையில் பிரேயருக்கு முன் மாணவன் தனக்கென ஒதுக்கப்பட்ட பெரியவரை ஐந்து நிமிடம் பார்த்து அட்டையை வாங்கிக்கொள்கிறான். அதில் மூன்றே இலக்குகள்: நேரத்துக்கு வகுப்புக்குள் வருவது, யார் மேலும் கை வைக்காமல் இருப்பது, கொடுத்த வேலையைத் தொடங்குவது. ஒவ்வொரு பீரியட் முடிவிலும் ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போடுகிறார். எட்டுப் பீரியடுக்கு மொத்தம் 48. எண்பது சதவீதம், அதாவது 39 வந்தால் அன்றைய இலக்கு எட்டியாயிற்று. இப்போது 20 வாங்குகிறவனிடம் முதல் வாரமே 39 கேட்கக் கூடாது. 25-இல் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். மாலையில் அதே பெரியவரிடம் அட்டையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

இம்முறை எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மதிப்பெண் போட வேண்டிய இடத்தில் "திருந்தவே மாட்டான்" என்று எழுதினால் அன்றோடு அட்டை காணாமல் போகும். அட்டையைப் புகார்க் கடிதமாக்கி வீட்டுக்கு அனுப்பினால் அடிதான் விழும். இருபது பேரை ஒரே ஆசிரியர் தலையில் கட்டினால் பத்தாம் நாள் எல்லாம் நின்றுவிடும். பாடம் புரியாமல் தப்பிக்கப் பார்க்கும் பையனுக்கு அட்டையை மட்டும் கொடுத்தாலும் பலிக்காது. அவனுக்கு முதலில் வேண்டியது வாசிப்புப் பயிற்சி.

இதையெல்லாம் வகுப்பாசிரியரே செய்யலாமே என்பார்கள். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் இது போன்றதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முடிவு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பகுதிப் பள்ளிகளில் வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும் நடந்தது. இன்னொரு பகுதியில் அதோடு சேர்த்து, பள்ளி ஆசிரியர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்துச் சுவர் இதழ், கருத்துப் பெட்டி, குழுக் கலந்துரையாடல், தனி ஆலோசனை எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள். மூன்றாம் பகுதியில் அதே வேலைக்கு உளவியல் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற ஒருவரைத் தனியாக நியமித்தார்கள். மூன்றாம் பகுதியில் கேலி-சீண்டல், அடிதடி, மனச்சோர்வு எல்லாம் குறைந்தன. ஆசிரியரிடம் கூடுதல் வேலையாகக் கொடுத்த பள்ளிகளில் வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும் நடந்த பள்ளிகளைவிட முன்னேற்றம் ஏதும் தெரியவில்லை. எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. காலையில் திட்டிய வாத்தியாரிடமே மதியம் போய் மனம் திறந்து பேச எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

புகார்களைக் கையாளும் விதம்தான் எங்களுக்கு இன்னும் பெரிய கவலை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்கு வராமல் நின்றார். விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அதன்பிறகு அவரும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். புகாரை வாங்கியதோடு பள்ளியின் வேலை முடிவதில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திக் கைகொடுத்துக்கொள்ளச் சொல்வது பல பள்ளிகளில் வழக்கம். பலம் உள்ளவன் பக்கம் மட்டுமே நிம்மதி தரும் வழக்கம் அது. தனித்தனியே விசாரிக்க வேண்டும். சொன்னவர் யார் என்பது வெளியே போகக் கூடாது. அன்று மாலை அந்தப் பிள்ளை எந்த வழியாக, எந்தப் பேருந்தில், யாரோடு வீடு போகிறது என்பதைப் பள்ளி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரு வீட்டாரையும் வெவ்வேறு நாளில் அழைக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒரு முறை "இன்னைக்கு எப்படி?" என்று ஒருவர் கேட்டாக வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போக வேண்டும். வருகையைத் தினமும் செயலியில் ஏற்றுகிறோம். யார் வரவில்லை என்று உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி நல்ல ஏற்பாடு. ஆனால் அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால் யார் சீட்டுப் போடுவார்கள்? மாடிப்படித் திருப்பத்திலோ நூலகத்திலோ இருக்கட்டும். பக்கத்தில் வெற்றுச் சீட்டும் பென்சிலும் வேண்டும். வாரம் ஒரு முறை இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது போன்ற புகார்களைச் சரிசெய்து பிரேயரில் அறிவித்தால்தான் பெரிய விஷயங்களை எழுதும் தைரியம் வரும். பாலியல் தொல்லை பற்றிய சீட்டு இருந்தால் பள்ளிக்குள் பஞ்சாயத்து கூடவே கூடாது. போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைக்கு உதவி கேட்க 1098 இருக்கிறது.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளுக்கு நல அலுவலர் பணியிடம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்குத் தடை என்ற அதன் இன்னொரு பரிந்துரையைப் பற்றி மாதக்கணக்கில் பேசிய நாம், இந்தப் பரிந்துரையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் முடியாது என்றால், மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்கலாம்; அருகருகே உள்ள சிறிய பள்ளிகள் இரண்டுக்கு ஒருவர் வாரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். அவர் உட்கார ஓர் அறை வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், பேசுவது காதில் விழக் கூடாது. அரசாணையிலேயே இன்னொன்றையும் சேர்த்துவிட வேண்டும்: அவரிடம் விலையில்லா சைக்கிள் கணக்கு, தேர்வறைப் பணி, செயலியில் தகவல் ஏற்றும் வேலை எதையும் தரக் கூடாது, ஆசிரியர் வராத வகுப்புக்கு மாற்றாகவும் அனுப்பக் கூடாது.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், மாணவர் ஆலோசகர்கள் சிலர்