32-ன்னா 32 தானுங்களா?

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர் (ஜாப் ஒர்க் யூனிட்), கணபதி, கோயம்புத்தூர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பால் ஸ்க்ரூ நட்டுக்குத் தவறான வைப்பர் சீல் அனுப்பியது, தவறாக மாட்டச் சொன்னது, ஏழு வாரமாக மெஷின் நிற்பது

ஐயா / அம்மா,

வணக்கமுங்க. இது நான் எழுதுகிற நான்காவது கடிதம். முதல் மூன்றும் மெயிலில் போட்டேன். மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே பதில்தான், நம்பர் மட்டும் வேறு வேறு. அதனால் இதை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புகிறேன். யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகவேண்டும்.

என் விஎம்சியில் (கம்ப்யூட்டர் கணக்கில் இரும்பைச் செதுக்குகிற மெஷின்), டேபிளை இடவலமாக நகர்த்துகிற எக்ஸ் ஆக்சிஸுக்குப் போட்டிருப்பது உங்கள் பால் ஸ்க்ரூ, அதாவது மரைக்கும் நட்டுக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள் (பால்) உருளுகிற ஸ்க்ரூ. 32 மில்லிமீட்டர் விட்டம், 5 லீடு (ஒரு சுற்றுக்கு நட்டு 5 மில்லிமீட்டர் நகரும்), போன வருசம் உங்களிடமே வாங்கியது. பில் இருக்கிறது, நட்டின் மேல் நீங்கள் பொறித்த நம்பரும் அழியாமல் இருக்கிறது. நட்டுக்குள் தூள் போகாமல் துடைத்துத் தடுக்க இரண்டு முனையிலும் இருந்த வைப்பர் தேய்ந்துபோனது. அதை நான் குறை சொல்லவே இல்லை. நாங்கள் ஓட்டுவது மோனோபிளாக் பம்பு பாடி, முழுக்க வார்ப்பிரும்பு, சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கருப்பாகத்தான் வரும், அந்தத் தூளுக்கு முன்னால் எந்த பிளாஸ்டிக் தாங்கும்? தேய்ந்தால் கழற்றிப் புதிது மாட்டிக்கொள்ளலாம், நட்டைக் கழற்றவே வேண்டாம் என்று உங்கள் விற்பனைக்காரர் சொன்னதால்தான் ஸ்க்ரூவையே உங்களிடம் வாங்கினேன். சரி என்று ஆயுத பூஜைக்கு மறுநாள் இரண்டு வைப்பர் ஆர்டர் போட்டேன், ஜிஎஸ்டியோடு ₹2,360. நட்டின் நம்பரையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

வந்தது 10 லீடுக்கான வைப்பர்.

கவரின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 32-05 என்று போட்டிருந்தது, உள்ளே இருந்தது 32-10. இரண்டு பாதியாக வருகிற மாடல்தானே இது, ஸ்க்ரூவின் மேல் இரண்டு பக்கமும் வைத்து, சுற்றிச் சுருள் வில் வளையத்தைப் போட்டு, முளை நட்டின் பள்ளத்தில் உட்காருகிற மாதிரி தள்ளி, மூன்று கிரப் ஸ்க்ரூவை லேசாக முடுக்கினால் வேலை முடிந்தது. எனக்குப் பாதி இரண்டும் சேரவே இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது, ஃபீலர் கேஜ் கூடத் தேவைப்படவில்லை, கண்ணுக்கே தெரிந்தது. திருப்பி வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன், வைப்பரின் உள்வரம்பு தடிமனாக இருக்கிறது, சாய்வும் அதிகம், என் ஸ்க்ரூவின் பள்ளமோ சின்னது. 5 லீடுக்கு 3.175 மில்லிமீட்டர் பால், 10 லீடுக்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பால். பெரிய பள்ளத்துக்குச் செய்த வரம்பு சின்னப் பள்ளத்துக்குள் எப்படி இறங்கும்? இதெல்லாம் செய்கிற உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

போன் போட்டேன். முதல் நாள் எடுத்த பொண்ணு மரியாதையாகப் பேசியது, டெக்னிக்கல் டீமுக்குத் தருகிறேன் என்றது. அந்த டீமில் ஒருத்தர் சொன்னார், "சார், 32-ன்னா 32 தான், நீங்க டைட்டா அழுத்துங்க." விட்டம் 32 சரிங்க, லீடு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றேன். "வைப்பருக்கு லீடெல்லாம் கிடையாது சார்." ஏனுங்க, வைப்பருக்கு லீடு இல்லையென்றால் அதற்குள் மரை மாதிரி வரம்பு எதற்கு? அழகுக்கா?

அடுத்து நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். மூன்றாவது போனில் வந்த ஆள். அவர் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை, உங்கள் ரெக்கார்டிங்கில் கேட்டுக்கொள்ளுங்கள், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால். நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "சார், உங்க கம்பெனில படிச்சவங்க யாராவது இருந்தா போனக் குடுங்க" என்றார். என் கம்பெனியில் நான், என் மச்சான், ஒரு பையன், மூன்று பேர்தான். நான் ஐடிஐ டர்னர் முடித்தவன், முப்பது வருசமாக இரும்பைத் தொட்டுக் கும்பிட்டு வேலை ஆரம்பிக்கிறவன். பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கமெல்லாம் டிகிரி இல்லாமல் லேத்தையே பிரித்துப் பூட்டுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காலத்தில்தான் இந்த ஊர் மோட்டாரும் பம்பும் நாடு முழுக்கப் போனது. அவர்களிடம் இப்படிக் கேட்டால் போனை வைத்துவிட்டு உங்கள் ஆபீசுக்கே வந்துவிடுவார்கள். நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுத்துக்கொண்டதுதான் தப்பு. ஏனென்றால் அதே ஆள்தான் பிறகு நட்டைக் கழற்றி, பின்பக்கமாக வைப்பரைத் தள்ளி மாட்டச் சொன்னார். நட்டைக் கழற்றும்போது பால் விழாமல் உள்ளே பிடித்துக்கொள்கிற குழாய், அந்த டம்மி ஸ்லீவ் வேண்டாமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதைத் தயவுசெய்து அடிக்கோடு போட்டுப் படியுங்கள். "அதெல்லாம் தேவையில்ல சார், இந்த மாடல்ல பால் விழாது." என்னிடம் லேத் இருக்கிறது, ஸ்க்ரூவின் அடிவிட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு குழாயைக் கடைந்துபோட எனக்குப் பத்து நிமிசம்தான் ஆகும். ஆனால் செய்த கம்பெனியே விழாது என்று சொல்லும்போது நான் யார் சந்தேகப்பட? டேபிளைத் தூக்கி, பேரிங் பிளாக்கைக் கழற்றி, ஸ்க்ரூவை வெளியே எடுத்து, நட்டை முனைவரைக்கும் சுற்றினேன். கடைசி மரையைத் தாண்டியதும் முதலில் ஒரு பால் டக்கென்று விழுந்தது, அப்புறம் மாதுளையை உடைத்த மாதிரி பொலபொலவென்று எல்லாம். கூலன்ட் டிரேக்குள், தரையில், லேத்துக்கு அடியில். பையன் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இரண்டு மணி நேரம் துழாவினான். 118 கிடைத்தது. மொத்தம் எத்தனை? உங்களுக்குத்தான் தெரியும். அதையும் கேட்டு மெயில் போட்டேன், கோரிக்கை பதிவு செய்யப்பட்டது.

குறைகிற பாலை பேரிங் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று இன்னொருவர் யோசனை சொன்னார். நட்டில் ஆட்டம் வராமல் இருக்க மைக்ரான் கணக்கில் பாலைத் தேர்ந்து போட்டிருப்பதாக உங்கள் புத்தகமே சொல்கிறது. அதில் கடைப் பாலைக் கலந்தால் பெரிய பால் மட்டும் பாரத்தைச் சுமக்கும், மற்றது சும்மா கூடவே ஓடும். நட்டை அப்புறம் குப்பையில்தான் போடவேண்டும். எந்தப் புத்தகத்தையும் உங்கள் ஆட்கள் படிப்பதில்லையா, இல்லை எங்களைப் பார்த்தால் இளக்காரமா?

பெருந்துறை கதையை விட்டுவிட்டேன். உங்கள் சர்வீஸ் சென்டர் அங்கே இருக்கிறது, ஸ்க்ரூ, நட்டு இரண்டையும் கொண்டுவாருங்கள், பார்த்து அன்றைக்கே பால் கட்டிக் கொடுத்துவிடுகிறோம் என்று மெசேஜ் வந்தது. மெசேஜ் என் போனில் பத்திரமாக இருக்கிறது. வாடகைக்கு டாடா ஏஸ் பிடித்து, ஸ்க்ரூவை எண்ணெய்த் துணியில் சுற்றி, வளையக்கூடாது என்று பலகையில் வைத்து சைக்கிள் டியூபால் கட்டி, நட்டையும் 118 பாலையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அவிநாசி வழியாகக் கிளம்பினோம். பெருமாநல்லூர் தாண்டியதும் மழை, தார்ப்பாய் இல்லை, என் சட்டையைக் கழற்றி ஸ்க்ரூ மேல் போட்டுக்கொண்டு பனியனோடு உட்கார்ந்து போனேன். விஜயமங்கலம் டோல்கேட்டில் போகவும் காசு, வரவும் காசு. போய்ச் சேர்ந்தால் கேட்டில் பூட்டு. வருசாந்திர ஸ்டாக் கணக்கெடுப்பாம், இரண்டு நாள் லீவாம். முந்தின நாள் சாயங்காலம்தான் வரச்சொல்லி மெசேஜ் அனுப்பினீர்கள். அங்கே இருந்த வாட்ச்மேன் அண்ணன் ஒருத்தர்தான் மனுசன். "ஏனுங், நனஞ்சுட்டீங்களே" என்று உள்ளே கூப்பிட்டு, ஃபிளாஸ்க்கில் இருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். உங்கள் கம்பெனியில் இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே சேவை அந்த அரை மூடி டீதான். அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள், இது நான் நிஜமாகவே சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆளுக்கே மறுபடி வருகிறேன், மனசு ஆறவில்லை. பெருந்துறைக்குப் போய் ஏமாந்து வந்ததைச் சொல்ல போன் போட்டால் அவரே எடுத்தார். "நீங்க கால் பண்ணிட்டுப் போயிருக்கணும் சார்" என்றார். எந்த நம்பருக்குங்க? நான் கூப்பிட்ட நம்பர் இதுதானே, எடுத்தது நீங்கள்தானே?

இப்போது நஷ்டக் கணக்கு. பல்லடத்துப் பார்ட்டிக்கு 400 பாடி தரவேண்டியது நின்றுபோனது, அவர் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார், இனிமேல் வருவாரா தெரியாது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்ட்டுக்கு நிலைக் கட்டணம் கட்டவேண்டும், லோன் தவணை நிற்காது, தீபாவளிக்குப் பையனுக்கு போனஸ் பாதிதான் கொடுத்தேன். வண்டி வாடகை, டோல், என் ஏழு வாரம், என் பிரஷர் மாத்திரை எல்லாம் சேர்த்தால் 5 லட்சத்துக்குக் குறையாது. கணக்கு எழுதுவது எங்கள் வீட்டில்தான், 85 ஆயிரம்தான் வருகிறது என்கிறார்கள். போன பேரை எந்த நோட்டில் எழுதுவது? நான் 5 லட்சம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சண்டைக்காரன் இல்லைங்க. தப்பு எல்லோருக்கும் வரும். கவர் மாறியிருக்கும், பேக்கிங்கில் யாரோ கை தவறியிருக்கும், அன்றைக்கே "மாறிப்போச்சு, அனுப்பி வைக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பழைய வைப்பரோடு பத்து நாள் ஓட்டிச் சமாளித்திருப்பேன். உங்கள் ஸ்க்ரூ நல்ல ஸ்க்ரூ, அதையும் சொல்லிவிடுகிறேன், கழற்றுவதற்கு முன்னால்கூட டயல் வைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

ஆனால் போன வாரம் உங்கள் மேலதிகாரி ஒருவர், "நீங்க கமர்ஷியலா யூஸ் பண்றீங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது" என்று சிரித்தார். அவருக்காகவே வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தன் தொழிலுக்கென்று வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கமே இருக்கிறது. 5 லட்சம் வரைக்கும் பொருள் வாங்கியவருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்னும் போன் போடவில்லை. போடவேண்டாம் என்றுதான் பார்க்கிறேன், அதுவும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கொடிசியாவில் அடுத்த கண்காட்சி நடக்கும்போது உங்கள் ஸ்டாலுக்கு இந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து நடுமேசையில் வைப்பேன், அதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 32-க்கு 5 லீடு வைப்பர் இரண்டு, நீங்களே ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு அனுப்பவேண்டும். பால் கட்டத் தெரிந்த ஆள் ஒருவர், புது பால் செட்டோடும் ஸ்லீவோடும் என் பட்டறைக்கு வரவேண்டும், நான் இனி பெருந்துறைக்கு வரமாட்டேன். நட்டைக் கட்டி, டேபிளை ஏற்றி, பேக்லாஷ் (நட்டின் ஆட்டம்) பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டும். அந்த மெசேஜை நம்பிப் போன வண்டி வாடகையும் டோலும் திரும்பி வரவேண்டும். அந்த ஆள் போன் போட்டு ஒரு மன்னிப்பு, தமிழிலோ இங்கிலீஷிலோ, அவர் படிப்புக்குத் தக்கபடி. கடிதம் கிடைத்து ஏழு நாள் பார்ப்பேன், எட்டாவது நாள் வக்கீல் ஆபீசில்தான் என் காலை டீ.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: இதை மடித்து உறையில் போடும்போது பையன் ஓடிவந்து கையை நீட்டினான், லேத்தின் கால் திண்டுக்கு இடுக்கில் ஒன்று கிடந்ததாம். 119. மொத்தம் எத்தனை என்று இந்தக் கடிதத்துக்காவது பதில் போடுங்கள்.